கரையில் பதினான்கு விளக்குகள்

பிச்சாட்டூர்
13-11-59

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு உன் தொத்தா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் நைனா, உன் தங்கை சுலோசனா, மணியம்மா அத்தை, நான் நால்வரும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கும்படியாக நன்றாக இருக்கிறோம், நீயும் உன் கப்பலும் இன்றைக்கு எந்தத் தண்ணீரில் இருந்தாலும் அங்கே அப்படியே இருக்கவேண்டும். நைனா தம் கையால் போட்ட கார்டு இதற்கு முன்னாலேயே பம்பாய் ஆபீஸ் வழியாக உனக்கு வந்திருக்கும், அதில் ஏரியில் கொஞ்சம் சிரமம் ஏற்பட்டது, தெய்வாதீனமாகத் திரும்பினேன் என்று ஒரு வரிதான் இருக்கும், அவர் எழுத்து அவ்வளவுதான். மீதியை நான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் தாள் தீர்ந்துவிட்டது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். விளக்குகளை அணையுங்கள் என்பதுதான் நான் சொல்லாமல் விட்டது. ஏரிக்கரைமேல் பதினான்கு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, உன் நைனாவும் நம் கழனியில் ஏர் ஓட்டும் சின்னப்பனும் இருட்டில் தண்ணீருக்கு நடுவே எங்கேயோ இருந்தார்கள், அந்த இரண்டு வார்த்தையும் என் நாக்கின்மேல் இருந்தன, ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் அவற்றைச் சொல்லவில்லை.

நீ ஊரைவிட்டுப் போனபோது ப்ராஜெக்ட் ஏரி பாதி கட்டிய மண்கரையாகத்தான் இருந்தது. இப்போது தண்ணீர் நிறுத்தி, இந்த ஐப்பசி மழையில் நிரம்பி, எதிர்க்கரையில் நிற்பது மாடா பாறையா என்று தெரியாத அளவுக்குப் பரந்துவிட்டது. எதிர்க்கரைக் குப்பத்துக்கு ரோட்டு வழியாகச் சுற்றினால் ஒன்பது மைல், தண்ணீர் குறுக்கே போனால் இரண்டு மைல்தான். நம் ஊரும் அந்தக் குப்பமும் ஆந்திராவிலேயே இருப்பதா மதராஸ் பக்கம் சேருவதா என்பதுதான் இங்கே எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு, டெல்லியில் சட்டம் வருவதற்குள் மனு கொடுத்துவிடவேண்டும், சுலோசனா தமிழ்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடிக்கவேண்டும் என்று உன் நைனாவுக்குப் பிடிவாதம். சின்னப்பன் பெண்சாதி சந்திரம்மா மட்டும், "எந்த ராஜ்ஜியமானா இன்னா, களை எடுக்கச் சொல்லோ குனியறது எங்க முதுகுதானே" என்று சிரிப்பாள். தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, குப்பத்தாரிடம் கைரேகை வாங்குவதற்காக மனுவை எண்ணெய்த்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கரை கட்டுகிற காலத்தில் கல் ஏற்றிய தட்டைப் படகு ஒன்று கிடக்கிறதே, அதில் ஏறி இருவரும் போனார்கள். ஒரு லாந்தர் கொடுத்தனுப்பினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றார். ஐந்தரை மணிக்குக் காற்று திரும்பிற்று, ஆறு மணிக்கு மழை பிடித்தது, ஏழு மணிக்கும் அவர்களைக் காணோம்.

அவர்கள் எப்படி மாட்டினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, ஆனாலும் அதை இங்கேயே எழுதிவிடுகிறேன், படித்ததும் நீ சிரிப்பாய், எனக்கும் இப்போது சிரிக்க முடிகிறது. உன் நைனாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், படகு தெரியாது. மழையில் கரை தெரியாமல் போனதும் அவர் தண்ணீரின் மேல் பழைய வண்டிப்பாதையைப் பிடித்திருக்கிறார். முழுகிப்போன அந்தப் பாதையின் இரண்டு பக்கமும் பனைமரத் தலைகள் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு நடுவே படகைச் செலுத்தி, ஓடை இறங்குகிற இடத்தில் நாற்பது வருஷமாக வண்டியை எப்படி இடது கைப்பக்கம் ஒடிப்பாரோ அப்படியே ஒடித்திருக்கிறார். அங்கே தலை முறிந்த பனை ஒன்று தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நின்றது. படகு அதன்மேல் ஏறி, பக்கத்து மரத்தோடு சாய்ந்து மாட்டிக்கொண்டது, அடிப்பலகை விரிந்துவிட்டது. சின்னப்பன் இறங்கி, அந்தப் பக்கத்துப் பனையின் அடிமட்டையில் கால் ஊன்றி, தம் வேட்டியைச் சுருட்டி விரிசலில் திணித்து, வெளியிலிருந்து தோளால் அழுத்திக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டார். உள்ளே நைனா சோற்றுக் குண்டானால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது.

இந்தப் பக்கம் கரையில் ஊரே கூடிவிட்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிடாமலே வந்தார்கள், அதற்காக இந்த ஊர் மண்ணுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். கல்யாணங்களுக்கு லைட் வாடகைக்கு விடுகிற லட்சுமம்மா, கேட்கப் போன ஆள் வாய் திறக்கும் முன்பே, "ஏமி அடகொத்து, ஒண்ணும் கேக்காதே, எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க" என்று ஆறு பெட்ரோமாக்ஸையும் ஏற்றி, தலையில் கோணி போட்டுக்கொண்டு தானும் வந்துவிட்டாள். அரிசி மில் லாரி வந்து கரைமேல் நின்று இரண்டு ஹெட்லைட்டையும் தண்ணீர்ப் பக்கம் திருப்பிற்று. வீட்டு லாந்தர்கள் நான்கு, மழையிலும் அணையாமல் எரியும் சைக்கிள் டயர் இரண்டு. பதினான்கு என்று நான் எண்ணியது எதற்கு என்று தெரியாது, எதையாவது எண்ணிக்கொண்டிருக்கவேண்டும் போலிருந்தது. போதாததற்குத் தீபாவளிக்கு மிஞ்சிய வாணங்களை வேறு கொண்டுவந்து விட்டார்கள், "இன்னாடா, மாப்பிள்ளை அழைப்பு கணக்கா கீது, எத்திராஜண்ணன் இத்தப் பாத்தாவது வந்து சேரட்டும்" என்று யாரோ உன் நைனாவைச் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பயத்தைத் தள்ளுகிற சிரிப்பு. ஏரியில் மீன் பிடிக்கிற ரங்கையா தன் பரிசலைத் தலையில் சுமந்துகொண்டு வந்து தண்ணீர் ஓரம் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். "நான் போறதுக்கு ரெடி. ஆனா எந்தப் பக்கம்னு ஒருத்தர் சூப்பிச்சணும், கை காட்டணும். இந்தக் காத்துல ஒரே வாட்டிதான் போக முடியும், தப்பான பக்கம் போனா திரும்பி ரானு முடியாது" என்றார். எந்தப் பக்கம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வெளிச்சத்துக்குள் மழை வெள்ளை நூலாக இறங்கிற்று, அதற்கு அப்பால் கரியடுப்பின் உட்புறம் போல ஒன்றுமில்லாமல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் நீ ஆவணி மாதம் எழுதிய கடிதம் என் ஞாபகத்துக்கு வந்தது. நைனாவுக்கு எழுதிய தாளோடு எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தாயே, அதில், கப்பலின் மேல்தட்டில் இராக்காவல் நிற்கப் போகிறவன் முன்கூட்டியே இருட்டில் உட்கார்ந்திருக்கவேண்டும், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது பிடிக்கும், நடுவில் ஒரு தீக்குச்சி கிழித்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும், திசைகாட்டியின்மேல் இருக்கிற பொட்டு வெளிச்சத்தைக்கூடத் துணியால் மூடிவிடுவார்கள், மீன்படகின் சின்ன விளக்கு நேராக முறைத்தால் ஓடிப்போகும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் ஓரக்கண்ணில் வந்து உட்காரும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நீ பீடி பற்றவைத்து அதிகாரியிடம் திட்டு வாங்கியதும் அதில்தான் இருந்தது, அந்த வரியை நான் நைனாவுக்குப் படித்துக்காட்டவில்லை. பக்கத்தை நிரப்புவதற்காக நீ எழுதியிருக்கலாம். நான் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். எனக்குப் புத்தூர் நூலகத்திலிருந்து மாதம் நாலு புத்தகம் வருகிறது, உன் கடிதங்களையும் அந்த வரிசையில்தான் வைத்துப் படிக்கிறேன். ஆகவே கரையில் நின்றபோது எனக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்துவிட்டது, நாம் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் கண்ணை நாமே கட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் வீடுகளில் அடுப்பங்கரைச் சிமினி விளக்கை ஊதும்போதுகூட அணை என்று சொல்லமாட்டோம், மலையேற்று என்போம். உன் நைனா தண்ணீரில் இருக்கிறார், நான் கழுத்தில் தாலியோடு நிற்கிறேன், நான் வாய் திறந்து எல்லா விளக்கையும் அணையுங்கள் என்றால் அது எப்படிக் கேட்கும். அதுவும் நான் யார். பத்து வருஷம் முன்னால் உன் அம்மா இருந்த இடத்துக்குச் சின்னம்மாவாக, உனக்குத் தொத்தாவாக வந்தவள். மூத்தவள் சொல்லியிருந்தால் பதறிப்போய்ச் சொல்கிறாள் என்பார்கள், இளையவள் சொன்னால் வேறு மாதிரி சொல்வார்கள். தெய்வத்துக்குப் பயந்தேன் என்று எழுதினால் பொய், ஜனங்களின் முகத்துக்குத்தான் பயந்தேன். ஏற்கெனவே மணியம்மா அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "இன்னாடி இது, புருசன் தண்ணியில கீறான், இவ மரம் கணக்கா நின்னுக்கினு கீறா, ஒரு சொட்டுக் கண்ணீர் காணோம், புஸ்தகம் படிச்சா கண்ணு வத்திப் பூடுமா" என்று கேட்டுவிட்டார். அழுகை எனக்கு எல்லோருக்கும் நடுவில் வராது, அது உனக்குத் தெரியும். இத்தனை படித்து என்ன பயன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம், வேறு யாருக்காவது தோன்றும், ரங்கையாவுக்குத் தோன்றும் என்று ஒவ்வொரு நிமிஷத்தையும் தள்ளிப்போட்டேன். அந்த ஒவ்வொரு நிமிஷமும் சின்னப்பன் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரியும்.

கடைசியில் நான் சந்திரம்மாவிடம் போனேன். அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் காதோடு உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "இத்த இம்மாந்நேரம் வயித்துல வச்சிக்கினா நின்னுக்கினு இருந்தே" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரைமேல் ஏறி நின்று, "யோவ், எல்லா லைட்டையும் அமத்துங்க, அமத்துங்கன்றேன்" என்று கத்தினாள். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "அடிப்பாவி, வாயைக் கழுவுடி, எவ வூட்டு விளக்கை அமத்தச் சொல்றே நீ" என்றார். "என் வூட்டு விளக்கைத்தான் சொல்றேன், எம் புருசனும் அதே படகுலதான் கீறான், உங்களுக்குப் பயமா இருந்தா பதினாலையும் எனுதுன்னு நினைச்சிக்குங்க" என்றாள் சந்திரம்மா. லாரிக்காரர், "ஹெட்லைட்டை அமத்திட்டா எப்படிம்மா தெரியும், பைத்தியமா உனக்கு" என்று இழுத்தார். "இம்மாந்நேரம் எரிஞ்சுதே, இன்னா கண்டே, மழையைத் தவிர" என்று அவள் திருப்பிக் கேட்டாள். ரங்கையா எழுந்து நின்று, "நிஜமே செப்துந்தி, இது சொல்றது நெசந்தான். ராத்திரி வலை பாக்கச் சொல்லோ நானும் விளக்கைக் கூடைக்குள்ள வெச்சிடுவேன், இன்னைக்கு இந்தக் கும்பல்ல எனக்கே தோணல" என்று சொல்லி, முதல் பெட்ரோமாக்ஸின் காற்றைத் திறந்துவிட்டார். அது உஸ்ஸென்று அடங்கிற்று. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும். டயர்களைச் சேற்றில் புதைத்தார்கள். பீடியும் கூடாது என்று சந்திரம்மா ஒவ்வொருவராக அதட்டிக்கொண்டு போனாள்.

இருட்டு வந்ததும் முதலில் ஒன்றுமே தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிறவர் மூச்சுத்தான் கேட்டது. இது என்ன கூத்து என்று பின்னால் முணுமுணுத்தார்கள். நான் ஒன்றிலிருந்து நிதானமாக எண்ணத் தொடங்கினேன், ஆயிரத்து இருநூறு வந்தால் உன் இருபது நிமிஷம். முந்நூறில் கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே கோடு தெரிந்தது. அறுநூறில் பனைத் தலைகள் சில தெரிந்தன. எதிர்க்கரையில் குப்பத்து விளக்குகள் மூன்று, மழைக்குள் மங்கலாக, அசையாமல் நின்றன. நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள் என்று சந்திரம்மாவிடம் சொன்னேன், அவள் அதையும் தன் குரலில் எல்லோருக்கும் சொன்னாள். எண்ணூறைத் தாண்டியபோது, யார் கண்ணில் பட்டது என்று நினைக்கிறாய், மணியம்மா அத்தையின் கண்ணில். "தோ, அங்க ஒரு மின்னாம்பூச்சி கீது" என்றார். மின்னாம்பூச்சியைப் பார்க்கவா வந்தோம் என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ரங்கையா மட்டும் அத்தையின் தோளுக்குப் பின்னால் குனிந்து, அவர் விரல் நீட்டிய திசையில் தம் துடுப்பைச் சேற்றில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பை ஒட்டிப் பார்த்தார். பூச்சியாக இருந்தால் துடுப்பை விட்டு நகர்ந்துவிடும். இது நகரவில்லை. மேலே ஏறிற்று, கீழே இறங்கிற்று, மறுபடி அதே இடத்தில் மேலே ஏறிற்று. கடுகளவுதான் இருக்கும் கோவர்த்தனா, கடுகைவிடச் சின்னது. இரண்டு மணி நேரமாக நாம் பார்த்துக்கொண்டிருந்த திசைக்கு அது வெகுவாக வலது பக்கம் தள்ளி இருந்தது.

ரங்கையா அவசரப்படவில்லை. துடுப்பு நின்ற இடத்தில் ஒரு மூங்கிலை நட்டு, அதற்குப் பத்து அடி பின்னால் அதே நேர்கோட்டில் இன்னொன்றை உயரமாக நடச் சொன்னார், தாம் தண்ணீரில் இறங்கி எட்டிப் போனபிறகு இரண்டிலும் ஒவ்வொரு லாந்தர் கட்டவேண்டும், வேறு ஒரு விளக்கும் ஏறக்கூடாது என்றார். நடுவில் திரும்பிப் பார்க்கும்போது இரண்டு விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் சரியான வழி, விலகித் தெரிந்தால் வழி தப்பிற்று என்று அர்த்தம். இது உங்கள் துறைமுகங்களிலும் உண்டா என்று எனக்கு எழுது. லாரிக்காரர், எந்தப் பெண்ணைப் பைத்தியமா என்று கேட்டாரோ அவளிடமே உத்தரவு கேட்டு, பரிசலில் இரண்டாவது ஆளாக ஏறிக்கொண்டார். கயிறு, இரண்டு காலி மண்ணெண்ணெய் டின், மிச்சமிருந்த ஒரு கோணி, இவற்றோடு போனார்கள். முன்னால் போகும் பரிசலை எங்களால் பார்க்க முடியவில்லை, அந்தக் கடுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை அது காணாமல் போயிற்று. சந்திரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடி தெரிந்தபோது அது நகர ஆரம்பித்திருந்தது, எங்களை நோக்கி.

கரை ஏறியதும் உன் நைனா சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா. "எந்த நாய்டா லைட்டை எல்லாம் அமத்தினது" என்று கேட்டார். பிறகு வெந்நீர் குடித்து, உடம்பு நடுக்கம் கொஞ்சம் நின்றபிறகு சொன்னார், "மொதல்ல கரை பூரா திருவிழா மாதிரி வெளிச்சம். இம்மா வெளிச்சத்துல நம்மளத் தெரியாமலா பூடும்னு லாந்தரைக் காலடியில வச்சி, காத்து அடிக்காம கோணியைப் போட்டு மூடிக்கினு தண்ணி எறைச்சிக்கினு இருந்தேன். அப்புறம் பாத்தா ஒண்ணொண்ணா அமருது. சின்னப்பா, நம்மள வுட்டுட்டு அல்லாரும் சோறு துன்னப் பூட்டாங்கடான்னேன். வந்துது பாரு கோவம்." அந்தக் கோபத்தில் எழுந்து நின்று, லாந்தரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊரில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் திட்டியிருக்கிறார். தண்ணீரில் நின்ற சின்னப்பன், "ண்ணா, திட்றதுன்னா இன்னும் ஒசத்தித் தூக்கிக்கினு திட்டு" என்றாராம். கை வலித்தால் இறக்குவார், அடுத்த பெயர் ஞாபகம் வந்தால் மறுபடி தூக்குவார், அதுதான் நாங்கள் பார்த்த ஏற்ற இறக்கம். நாங்கள் அணைத்தது எங்கள் கண்ணுக்காக, அது அவர் கையில் இருந்த விளக்கைத் தூக்கவைத்தது. உன் கடிதத்திலும் அது எழுதியிருக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன், உனக்கா, சந்திரம்மாவுக்கா, ரங்கையாவுக்கா, அத்தையின் கண்ணுக்கா, உன் நைனாவின் கோபத்துக்கா என்று, யாரையும் விட மனம் வரவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. நைனாவுக்கு இரண்டு நாள் உடம்புவலி, அவ்வளவுதான். சின்னப்பனுக்கு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது, வெள்ளிக்கிழமை மூச்சு இழுத்தது, மார்பில் சளி கட்டிவிட்டது, நிமோனியா என்றார்கள். மில் லாரியிலேயே புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், பென்சிலின் ஊசி போட்டார்கள். சந்திரம்மா அங்கேயே வராந்தாவில் தங்கிவிட்டாள். அவள் இங்கே இல்லாத சமயம் பார்த்து ஊரில் பேச்சுக் கிளம்பிற்று. விளக்கை அமத்து என்று பெண்சாதியே வாயால் சொன்னாள், அதான் படுத்துக்கொண்டான், எத்திராஜ் பெண்சாதி சொல்லவில்லை, எத்திராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா என்று. நான் பேசாமல் இருந்ததே ஊர் வாயில் எனக்குப் பெருமையாகிவிட்டது. திங்கட்கிழமை காலை திருப்பதிக்குச் சோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, அத்தையும் லட்சுமம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் இருந்தார்கள், இதே பேச்சு. நான் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, அமத்தச் சொன்னது நான்தான், எனக்குச் சொல்ற தைரியம் இல்லாம சந்திரம்மாகிட்ட சொன்னேன், அவ சத்தமா சொன்னா, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் முன்னாடி நான் சொல்லியிருந்தா சின்னப்பன் இப்ப ஆஸ்பத்திரியில இருக்கமாட்டார்" என்றேன். உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னால் அத்தை உடனே அடங்கிவிடுவார், தாயில்லாப் பிள்ளை எழுதினது என்று கண் கலங்குவார், எனக்கு அந்த வழியில் தப்பிப் போக இஷ்டமில்லை. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்போ சின்னப்பனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேக்கணும்" என்றார். "ஆமாம் அண்ணி, என்னைத்தான் கேக்கணும்" என்றேன். தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

திருப்பதியில் சந்திரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "உன்னை யாரும்மா சொல்லச் சொன்னது, என் வாயி ஊரு ஏச்சுக்குப் பழகின வாயி, உன்னுது புதுசு, வலிக்கும்" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "அன்னைக்கு நீ எங்கிட்ட வரலைன்னா நான் அங்கயே ஒக்காந்துக்கினு இருந்திருப்பேன், எனக்கு இன்னா தெரியும், கப்பலா தெரியும்" என்றாள். நான் அவளுக்கு நன்றி சொல்லத்தான் போனேன், அவள் எனக்குச் சொல்லிவிட்டாள். சின்னப்பனுக்கு அன்றைக்கும் காய்ச்சல் இறங்கவில்லை, என்னைப் பார்த்து, "அண்ணன் இன்னும் திட்டிக்கினுதான் கீறாரா" என்று மட்டும் கேட்டார். அத்தை நாலு நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் நேற்று ஒரு சட்டி மிளகு ரசம் வைத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போ என்று சுலோசனாவிடம் சொல்லி அனுப்பினார். திருப்பதி போவதற்குள் புளித்துவிடும் என்று நான் சொல்லவில்லை, கொடுத்தனுப்பினேன்.

மனுவில் வாங்கிய கைரேகையெல்லாம் நனைந்து நீலமாகக் கரைந்துவிட்டது, உன் நைனா மறுபடி வாங்குகிறார், இந்த முறை ஒன்பது மைலும் வண்டியில் சுற்றிப் போய். சுலோசனா மூன்றாம் வகுப்பில் தமிழும் தெலுங்கும் சேர்த்தே வாசிக்கிறாள், எந்தப் பக்கம் போனாலும் இவள் பிழைத்துக்கொள்வாள் போலிருக்கிறது. நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ஈரத் துணியோடு காற்றில் நிற்காதே, கம்பளிச் சட்டை போதாவிட்டால் எழுது. பீடியை விடு, விடமுடியாவிட்டால் காவல் நேரத்திலாவது விடு. காவல் நிற்கும்போது கடலில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்து, நட்சத்திரமாக இருக்கும் என்று தோன்றினால், இன்னொரு தடவை பார், அதன் அடியில் யாராவது ஒருவர் கை வலிக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நீ எனக்கு எழுதுகிற தாளில் எதையும் வெட்டிவிடாமல் எழுது, என்ன எழுதினாலும் நான் படிப்பேன். சந்திரம்மாவுக்கு மறக்காமல் நாலு வரி தனியாகப் போடு, அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான் அவள் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்காட்டுகிறேன். நீ போகிற திசையெல்லாம் உனக்குக் காற்றும் தண்ணீரும் இணங்கி இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு. நைனாவும் அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார்கள், சுலோசனா நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் தொத்தா
எ. தாட்சாயணி

சனிக்கிழமை. தபாலில் போடாமல் ஒரு நாள் வைத்திருந்தேன். சின்னப்பன் இன்று மாலை நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்திருக்கிறார், காய்ச்சல் இல்லை. வண்டி அனுப்பியிருந்தோம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூட்டையைச் சந்திரம்மா சுமக்க, ஊர் பார்க்கக் கடைத்தெரு வழியாக இருவரும் வீட்டுக்கு நடந்தே போனார்கள்.